கைபிடியோடு கழன்று வந்த சுவர்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, குளியலறைக் கைபிடியைப் பிடித்து என் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். அது என் கையோடு வந்துவிட்டது. சுவரில் நாலு ஓட்டை. ஓட்டைகளிலிருந்து வெள்ளை மாவு கொட்டியது. கைபிடியின் முனைகளில், ஸ்க்ரூவைச் சுவரில் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் ஆங்கர்கள் சுவரின் தாளையும் கிழித்துக்கொண்டு தொங்கின.

அம்மாவுக்கு 79 வயது. இரண்டு முழங்காலும் ஏலாது. தம்பியின் வீட்டில் படி ஏறி இறங்க முடியாமல் போனதால்தான் எங்கள் வீட்டுக்கு வர ஒத்துக்கொண்டார். எங்களுடையது கனடாவின் ஸ்காபரோவில் 1974இல் கட்டிய பங்களோ, எல்லா அறையும் ஒரே தளத்தில். அவர் வருவதற்கு முன் பின்பக்க அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், குளியலறையில் வழுக்காத தரை போட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். மூன்று கிழமை வேலை என்று கணக்குப் போட்டிருந்தோம். கைபிடி ஏற்கெனவே இருக்கிறது என்று அதைப் பட்டியலில்கூட எழுதவில்லை.

ஓட்டைக்குள் டோர்ச் லைட் அடித்துப் பார்த்தேன். அரை அங்குல ட்ரைவோல் (இங்கே சுவருக்கு அறையும் ஜிப்சப் பலகை), அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. பிடிக்க ஒரு மரக்கட்டை இல்லை. குளித்துவிட்டு ஈரக் காலோடு தொட்டியிலிருந்து இறங்கும் அம்மா இதைத்தான் பிடித்திருப்பார். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த வீட்டை நாங்கள் 2016இல் வாங்கினோம். விற்பதற்குச் சற்று முன்புதான் முன்னைய சொந்தக்காரர்கள் பின்பக்க அறையையும் குளியலறையையும் திருத்தியிருந்தார்கள். புதுப் பெயின்ட் வாசம் அப்போதும் இருந்தது. வடிவாக இருக்கிறது என்று நம்பி வாங்கினோம். பிறகு சில வெடிப்புகள் வந்தன, சில இடங்களில் சுவர் சின்னச் சின்னதாகப் புடைத்தது. கனடாக் குளிரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் இரண்டு தடவை வெடிப்புக்குள் கோக் என்ற அடைப்புப் பசை அடித்து மேலே பெயின்ட் பூசினேன். இரண்டு தடவையும் அடுத்த குளிர்காலம் அதே இடத்தில் அதே கோடு வந்தது.

என் அப்பா மேசன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அவர் கட்டிய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. கல் அடுக்கினாலும் சாந்து பூசினாலும் முதலில் தூக்குக்குண்டைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். சாந்து பூசிய சுவருக்கு ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பார். அந்தத் தண்ணீர் வாளியைத் தூக்கித் தந்தது நான். சுவர் என்றால் எனக்கு அதுதான்: கல்லும் சீமெந்தும், தட்டினால் கை நோக வேண்டும். முதன்முதலாக இங்கே வந்தபோது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது நினைவிருக்கிறது: "பிள்ளை, இது என்ன மட்டையிலயே சுவர் கட்டியிருக்கினம்?"

மட்டை என்று சொன்னதும் பாதி உண்மைதான். இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சத்தை இறுக்கிய பலகை அது. 1894இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் இதன் முன்னோடிப் பலகைக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளைக் கெதியாகக் கட்ட வேண்டி வந்தபோது, மரக்கீற்று அடித்துச் சாந்து பூசும் பழைய முறையை இது தள்ளிவிட்டது. சாந்து காய்வதற்குக் கிழமைக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பலகையை அறைந்து, மூட்டுகளில் டேப் ஒட்டி, கொம்பவுண்ட் என்ற பூச்சுப் பசை பூசினால் சுவர் முடிந்தது. அதைக் குறைவாக நினைக்கவும் கூடாது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் பளிங்குக்குள் பிணைந்த தண்ணீர். நெருப்புப் பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரை சுவரின் மறுபக்கம் அதிகம் சூடேறாது. நல்ல பொருள்தான். ஆனால் அது தானாக நிற்காது; பின்னால் இருக்கும் மரம்தான் அதை நிறுத்துகிறது. அந்த மரத்தோடு அது எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதுதான் எல்லாம்.

வந்து பார்த்த முதல் கொன்ட்ராக்டர், பெரிய ஆங்கராகப் போட்டு, வெடிப்புகளுக்கு மேலே ஒரு பூச்சுப் பூசி, பெயின்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது என்றார். தெரியாது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருடமாக எனக்குத் தெரியாமல்தானே இருந்தது.

அப்புறம் எங்கள் ஊர்த் தம்பி ஒருவரைக் கூப்பிட்டேன். ரொறன்ரோவைச் சுற்றி எழும்பும் புது வீடுகளில் பதினைந்து வருடமாக டேப்பர் வேலை, அதாவது மூட்டுகளில் டேப் ஒட்டிப் பூசும் வேலை, செய்கிறவர். இங்கே பலகை அறைகிறவர் வேறு, டேப்பர் வேறு. அறைகிறவர் விட்ட பிழையெல்லாம் டேப்பரின் தலையில்தான் விழும். அதனால்தானோ என்னவோ இவருக்குச் சுவரைப் பார்த்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று விளங்கிவிடுகிறது.

"பூசி மூடலாம் அக்கா. ஆனா அடுத்த விண்டருக்குத் திரும்ப வெடிக்கும். ஏன் வெடிக்குது எண்டு முதல் பாப்பம்," என்றார்.

ஆனால் எதையும் வெட்ட முன் ஒரு வேலை இருக்கிறது என்று நிறுத்தினார். 1974ஆம் ஆண்டு வீடு. அந்தக் காலத்து மூட்டுக் கொம்பவுண்டில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். ஊரில் கூரைச் சீட்டாக அதற்குக் கீழேயே வளர்ந்தோம். இங்கே 2018இல் தடை செய்துவிட்டார்கள். அசையாமல் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. தேய்த்தாலும் உடைத்தாலும்தான் தூசியாகி நெஞ்சுக்குள் போகும். எங்கள் வீட்டில் புதுச் சுவரும் பழைய சுவரும் கலந்து கிடந்தன. அதனால் சீலிங்கிலும் பழைய சுவர்களிலும் மூட்டு வரும் இடங்களாகப் பார்த்து, ஈரமாக்கி, சின்னத் துண்டுகள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். நாலு நாளில் இல்லை என்று பதில் வந்தது. அந்த நாலு நாளும் அறைக் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். 1990க்கு முந்திய வீட்டில் இருக்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். வேலை தொடங்கிய பிறகு செய்வதற்கில்லை இது.

பதில் வந்த அன்றிரவு தம்பி ஒரு கைவிளக்கோடு வந்தார். அறையின் பெரிய லைட்டை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். பகலில் பளிங்கு போல இருந்த சுவர் அந்த வெளிச்சத்தில் கடற்கரை மணல் மாதிரித் தெரிந்தது. மேடு, பள்ளம், கொப்பளம், கோடு. பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டம் போடச் சொன்னார். அவர் விளக்கைப் பிடிக்க நான் வட்டம் போட்டேன். ஒரு அறையில் மட்டும் 43 வட்டம்.

அதில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ புடைப்பு. பெயின்டுக்கு அடியில் ஒரு சதக்காசு அளவு வட்டமாக எழும்பி நிற்கும். கனபேர் அதைச் சுரண்டிவிட்டு மேலே கொம்பவுண்ட் பூசுவார்கள், நானும் அப்படித்தான் செய்திருந்தேன். ஆனால் ஸ்க்ரூ வெளியே வரவில்லை, மரம்தான் உள்ளே போயிருக்கிறது என்று தம்பி விளக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. கடையில் உலர்ந்த மரம் என்று முத்திரை குத்தி விற்கும் சட்டத்திலும் 19 வீதம் வரை ஈரம் இருக்கலாம். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் இரண்டு குளிர்காலம் கழிந்தால் அது பத்து வீதத்துக்கும் கீழே போய்விடும். மரம் ஈரம் இழக்கும்போது சுருங்கும். ஸ்க்ரூவின் நுனி மரத்தின் ஆழத்தில் பிடித்தபடி அங்கேயே நிற்கும். பலகைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். யாராவது சுவரில் கை வைத்தால் பலகை பின்னுக்குப் போக, ஸ்க்ரூவின் தலை முன்னுக்கு எட்டிப் பார்க்கும்.

ஸ்க்ரூ எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்தத் தொல்லை கூடும். அரை அங்குலப் பலகைக்கு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ போதும். எங்கள் சுவரில் இருந்து கழற்றியவை இரண்டு அங்குலம். நீளமாகப் போட்டால் உறுதி என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதைவிட மோசம், பாதி ஸ்க்ரூக்களின் தலை தாளைக் கிழித்து ஜிப்சத்துக்குள் புதைந்திருந்தது. பலகையைப் பிடித்து வைப்பது அந்தத் தாள்தான். தலை தாளைச் சற்று அமுக்கிக் குழி விழுத்த வேண்டும், கிழிக்கக் கூடாது. கிழித்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாததும் ஒன்று. தம்பி ஒவ்வொரு புடைப்பிலும் பலகையை உள்ளங்கையால் மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு அங்குலம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் புது ஸ்க்ரூ போட்டார். பிறகு பழையதைக் கழற்றி எடுத்தார். அதற்குப் பிறகுதான் பூச்சு. முதல் மூன்றை அவர் செய்தார், மிச்சத்தை என்னிடம் விட்டார். இரண்டு இரவில் முடித்தேன்.

அடுத்தது கதவு நிலையின் மேல் மூலையிலிருந்து சீலிங் வரை சரிந்து ஓடிய வெடிப்பு. டேப்பைக் கிழித்துப் பார்த்தோம். இரண்டு பலகையின் மூட்டு சரியாகக் கதவின் ஓரத்துக்கு நேரே வந்து நின்றது. கதவை அடித்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதிர்ச்சி போய்ச் சேரும் இடம் அந்த மூலைதான். அங்கே மூட்டு வைக்கவே கூடாது. முழுப் பலகையைக் கதவுக்கு மேலாலே கொண்டுபோய், கதவு வரும் இடத்தை அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். யன்னலுக்கும் இதே கதைதான். வெட்டி எறிகிற துண்டு வீண் என்று மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பலகையின் விலை என்ன, இருபது டொலருக்குச் சற்றுக் கூடக்குறைய. அதற்காக எட்டு வருடம் வெடித்துக்கொண்டிருந்தது.

டேப்பும் பிழை. மூட்டுகளில் தானாக ஒட்டும் கண்ணாடிநார் வலை டேப்பைப் போட்டு, அதற்கு மேல் வாளியில் குழைத்து விற்கும் சாதாரணக் கொம்பவுண்டைப் பூசியிருந்தார்கள். வலை டேப் என்றால் முதல் பூச்சுக்குத் தண்ணீர் விட்டுக் குழைத்தபின் கெதியாக இறுகுகிற பவுடர் வகைதான் வேண்டும், சாதாரணத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை. இல்லாவிட்டால் காகித டேப்பைப் போட வேண்டும். சில மூலைகளில் காகித டேப்பும் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் கொம்பவுண்டே இல்லை. காய்ந்த சுவரில் டேப்பை வைத்து மேலே மட்டும் இழுத்திருக்கிறார்கள். விரலால் தட்டினால் கொப்பளம் போலக் கறகறவென்று சத்தம். அவ்வளவையும் கத்தியால் கீறி இழுத்து எடுத்தோம். முழு மூலையும் ஒரே நாடாவாக என் கையில் வந்தது.

சுவரின் நடுவே ஓடிய மேடு வேறு வகை. ட்ரைவோல் பலகையின் நீளப் பக்கம் இரண்டும் ஓரத்தில் மெலிந்திருக்கும், டேப்பும் பூச்சும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். குறுகிய பக்கத்துக்கு அந்தச் சரிவு கிடையாது. இரண்டு குறுகிய பக்கம் சந்தித்தால் பூச்சு மேடாகத்தான் நிற்கும். அதனால்தான் செங்கல் அடுக்குவது போல மூட்டை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், பூச்சையும் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மெதுவாகச் சரித்துக் கொண்டுபோக வேண்டும். இங்கே எல்லா மூட்டும் மேலிருந்து கீழ் வரை ஒரே கோட்டில் நின்றது. அப்பா பார்த்திருந்தால் முதல் வரியிலேயே கல்லை இறக்கச் சொல்லியிருப்பார்.

இத்தனையும் பிழை என்றால் பிழைதான், ஆபத்தில்லை. ஆனால் நான் இரண்டு தடவை கோக் அடித்த அந்தக் கோடு, சீலிங்கும் நடுச்சுவரும் சந்திக்கும் மூலையில் தை பிறக்கும்போது திறந்து ஆனியில் மூடிக்கொள்ளும் கோடு, அது எனக்குப் பயமாகவே இருந்தது. அத்திவாரம் இறங்குகிறதோ என்று இரவில் யோசித்திருக்கிறேன். தம்பி சிரிக்கவில்லை, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்குக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கூரையின் முக்கோணச் சட்டங்களில் கீழ்ச்சட்டம் இன்சுலேஷனுக்குள் புதைந்து சூடாகவும் காய்ந்தும் இருக்கிறது. மேற்சட்டங்கள் குளிர்ந்த ஈரக் காற்றில் நிற்கின்றன. குளிர்காலத்தில் கீழது சுருங்க, மேலது ஈரம் உறிஞ்சி நீள, முழுச் சட்டமும் வில் போல நடுவில் மேலே வளையும். சட்டத்தோடு அறைந்த சீலிங் பலகையும் கூடவே தூக்கப்படும். நடுச்சுவர் தரையோடு நிற்கிறது. இடையில் மூலை பிளக்கும். கோடைக்குச் சட்டம் பழையபடி இறங்கும், மூலை மூடும்.

இதற்கு எவ்வளவு கொம்பவுண்ட் பூசினாலும் பயனில்லை. வீட்டின் கூரையே அசைகிறது. தம்பி நடுச்சுவரிலிருந்து ஒன்றரை அடி வரை சீலிங் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். அந்த ஓரத்தைச் சட்டத்தில் பிடிக்காமல் சுவரின் மேற்கட்டையில் அடித்த கட்டைகளில் பிடித்தார். இனிச் சட்டம் மேலே போனாலும் பலகையின் அந்த ஒன்றரை அடி மெல்ல வளைந்து கொடுக்கும், மூலை சுவரோடேயே நிற்கும். ஒரு பின்னேர வேலை. எட்டுக் குளிர்காலம் என்னைப் பயமுறுத்திய கோட்டுக்கு அவ்வளவுதான் மருந்து.

வெளிச்சுவரில் பிளக் பொயின்டைச் சுற்றிக் கையை வைத்தால் குளிர்காற்று வந்தது. திறந்து பார்த்தால் நீராவித் தடைப் பிளாஸ்டிக்கைக் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறிவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். ஒட்டி மூடினோம். அதே சுவரில் வேறொன்றும் கிடைத்தது. பலகைக்குப் பின்னால், வெளியே ஒரு மூடிகூடத் தெரியாமல், மின்கம்பிகள் சேரும் ஒரு பெட்டி. யாரோ ஒரு சுவர் விளக்கை எடுத்துவிட்டு, கம்பிகளை முடிந்து, மேலே ட்ரைவோலை அறைந்திருக்கிறார்கள். கம்பி மூட்டு உள்ள பெட்டி எப்போதும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மூட்டு தளர்ந்து சூடேறினால் யாருக்கும் தெரியாது. அம்மாவின் கட்டில் தலைமாட்டுக்கு நேரே இருந்தது அது. இதில் நாங்கள் கை வைக்கவில்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து, முறைப்படி அறிவித்து, பரிசோதகர் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் மூடினோம்.

குளியலறைக்கு வருகிறேன். தொடங்கிய இடமும் அதுதான், மனசு நொந்த இடமும் அதுதான்.

கைபிடி கழன்ற ஓட்டையைச் சுற்றி ஓடுகளை அழுத்திப் பார்த்தபோது இரண்டு உள்ளே போயின. ஓடுகளை இறக்கினோம். தண்ணீர் படும் சுவரில், ஓடுகளுக்குப் பின்னால், அறைகளுக்குப் போடும் அதே சாதாரண ட்ரைவோல். ஓட்டின் இடைவெளிகள் தண்ணீரை நிறுத்தாது, மெதுவாக விடும். உள்ளே தாள் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது, ஜிப்சம் நனைந்த பிஸ்கட் போல விரலில் வந்தது. பலகையின் கீழ் ஓரம் தரையில் முட்டிக்கொண்டு நின்று அங்கிருந்தும் ஈரம் உறிஞ்சியிருந்தது. அரை அங்குலம் தூக்கி வைத்திருந்தால் போதும். இந்தச் சுவரில்தான் அந்தக் கைபிடி. விற்பதற்காகப் பூட்டிய கைபிடி அது, பிடிப்பதற்காக அல்ல. பிழையாக வேலை செய்தவர்களில் எனக்குக் கோபம் வந்தது இந்த ஒரு இடத்தில்தான். சுவரில் மேடு விட்டால் கண்ணுக்குத்தான் குறை. கைபிடி என்பது வயதான ஒருவர் நம்பிப் பாரம் கொடுக்கும் பொருள்.

தொட்டியைச் சுற்றி மரம் தெரியும் வரை எல்லாவற்றையும் எடுத்தோம். நனைந்த மரம் காய ஐந்து நாள் விசிறி ஓடியது. அம்மா நத்தாருக்கு முன் வருவதாக இருந்தது, தை கடைசிக்குத் தள்ளிப் போட்டோம். தொலைபேசியில் அம்மா, "எனக்காக வீட்டை இடிக்காத பிள்ளை" என்றார். இடித்தது நல்லதாகப் போயிற்று அம்மா என்று சொன்னேன்.

கட்டடச் சட்டப்படி ஒரு கைபிடி 1.3 கிலோநியூட்டன் சுமை தாங்க வேண்டும், ஏறத்தாழ 130 கிலோ. ஒன்ராறியோவில் இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளின் பிரதான குளியலறையில், பிற்காலத்தில் கைபிடி பூட்டுவதற்கென்றே சுவருக்குள் கட்டை வைத்துவிட வேண்டும். எங்களுடையது பழைய வீடு, நாங்களே வைத்தோம். சுவருக்குள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டட் மரங்களுக்கு நடுவே எட்டு அங்குல அகல மரக்கட்டைகள், இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு. கைபிடி பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் வரும். ஆனால் அம்மா குள்ளம், கூனலும் சேர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கூடப்பிறந்த தம்பி அவரைக் காரில் கூட்டி வந்தான். ஓடு இல்லாத, மரம் தெரியும் குளியலறைக்குள் அம்மாவை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கை தானாகப் போகிற இடத்தைப் பிடிக்கச் சொன்னேன். தொட்டியில் இறங்க ஒரு இடம், எழும்ப ஒரு இடம், கொமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம். மூன்று இடத்திலும் மரத்தில் பென்சிலால் குறித்தோம். அவர் கை போன உயரம் 31 அங்குலம். அங்கேதான் பூட்டினோம். கட்டையை மட்டும் மேலும் கீழும் தாராளமாக வைத்தோம், நாளைக்கு வேறொருவருக்குத் தேவைப்படலாம்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைச் சாத்தி வைத்துப் படம் எடுத்தேன். கட்டை எங்கே, குழாய் எங்கே, கம்பி எங்கே என்று எல்லாம் அதில் தெரிகிறது. பிறகு தண்ணீர் படும் இடமெல்லாம் சீமெந்துப் பலகை, அதன்மேல் நீர்த்தடைப் பூச்சு, அதன்மேல் ஓடு.

அறையில் பூச்சு வேலைக்கு ஒரு கிழமைக்கு மேல் போனது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் பிறகு சுருங்கிக் கோடு விழும். தேய்க்கும்போது தூசு வீடு முழுக்கப் போகும், அதனால் கதவுக்குப் பிளாஸ்டிக் கட்டி, ஹீட்டரின் காற்றுத் துளைகளை மூடி, முகமூடி போட்டுக்கொண்டோம். பிரைமர் அடித்த அன்றிரவு திரும்பவும் கைவிளக்கு. பிரைமருக்குப் பிறகும் கடைசிப் பெயின்டுக்கு முன்னும் பார்ப்பதுதான் சரியான நேரம். அதற்கு முன் கொம்பவுண்டும் தாளும் வேறு வேறு நிறமாகக் கண்ணை ஏமாற்றும், அதற்குப் பின் திருத்தினால் திட்டாகத் தெரியும். ஆறு வட்டம் போட்டேன். தம்பி கடைசிப் பணத்தை அந்த ஆறும் முடிந்த பிறகே வாங்கினார். அது அவரே சொன்ன ஏற்பாடு. யாரை வைத்து வேலை செய்தாலும் தொடங்க முன்பே இதைப் பேசி வையுங்கள்: பிரைமருக்குப் பிறகு விளக்கு வைத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகு மிச்சப் பணம். நல்ல வேலைக்காரர் ஒருவரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அம்மா தை கடைசியில் வந்தார். மைனஸ் 18 பாகை குளிர். வந்த மூன்றாம் நாள் சீலிங் மூலையை ஏணி வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. மாசியிலும் இல்லை.

காலையில் குளியலறையிலிருந்து அந்தக் கைபிடியில் அவருடைய மோதிரம் முட்டும் சத்தம் எனக்குக் குசினியில் கேட்கும். ஒரு நாள் வெளியே வந்து, கைபிடிக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டிக் காட்டி, "இந்த இடம் மட்டும் எங்கட வீட்டுச் சுவர் மாதிரிக் கேக்குது" என்றார். உள்ளே கட்டை இருக்கிறது என்று படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அளவு நாடாவின் எண்களை வாசித்தார்.

அறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ புதிதாகப் புடைத்திருக்கிறது, சீலிங்குக்கு ஒரு சாண் கீழே. பென்சிலால் வட்டம் போட்டுத் திகதியும் எழுதி வைத்திருக்கிறேன். ஹீட்டர் ஓடுகிற காலம் முடியட்டும். சித்திரையில் அலமாரியை நகர்த்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.